செல் மாற்றித் தர வேண்டி

விடுநர்:
விலையுயர்ந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒன்றின் காப்பாளர்,
சென்னை.

பெறுநர்:
மேன்மைமிகு மேலாளர் அவர்கள்,
அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம்.
(நிறுவனத்தின் பெயர் டயலில் 12 மணிக்குக் கீழே இருக்கிறது. தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.)

பொருள்: குவார்ட்ஸ் கைக்கடிகாரம் – செல் தீர்ந்தது – புதிய செல் போட்டுத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. கடிகாரம் தானே கொடுத்த முன்னறிவிப்பு.
2. தங்கள் மையம் கொடுத்த மதிப்பீட்டுத் தாள், ரூ.14,500 மற்றும் 18% ஜி.எஸ்.டி.

ஐயா,



பார்வை 1 பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்துக்குள் இருக்கும் சில்வர் ஆக்சைடு செல்லின் மின்னழுத்தம் 1.55 வோல்ட். ஆயுள் முடியும் தறுவாயில் அது கொஞ்சம் இறங்கும்போது உள்ளேயிருக்கும் சர்க்யூட் கண்டுபிடித்துவிடுகிறது. வினாடி முள்ளை ஒவ்வொரு வினாடியாக நகர்த்துவதை அத்துடன் நிறுத்திவிட்டு, நான்கு வினாடி சும்மா நிற்கவைத்து, நான்கையும் ஒரே தாவலில் தாண்டவைக்கிறது. நேரம் தவறுவதில்லை, பார்க்கிறவனுக்குச் சேதி மட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தங்கள் சுவிஸ் பொறியாளர்கள் செய்துவைத்த ஏற்பாடுதான் இது. அரசு அலுவலகங்களுக்கு நான் எழுதிய, பிறருக்காக எழுதிக் கொடுத்த மனுக்களில் இவ்வளவு சுருக்கமானது ஒன்றுகூட இல்லை: செல் தீரப்போகிறது, மாற்றவும். கோளாறு என்ன என்பதைக் கடிகாரமே சொல்லிவிட்டது, நானும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாமல் இருப்பது தங்கள் மையம் மட்டும்தான்.

தங்கள் மையத்தின் உபசரிப்பில் எனக்குக் குறையே இல்லை. கதவைத் திறந்துவிட ஒருவர், காபி வேண்டுமா என்று கேட்க ஒருவர். வெல்வெட் விரித்த தட்டு வந்தது. வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்ட பெண் என் கடிகாரத்தை அதில் கிடத்தினார். காலையில் அதே கடிகாரத்தோடுதான் மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தேன் என்பதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிகாரப் படம் அச்சிட்ட படிவம் ஒன்றை எடுத்து, எங்கெங்கே கீறல் என்று சிவப்பு மையில் குறித்துக்கொண்டே போனார். 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையே ஒன்று, பக்கிளில் ஒரு கூட்டம், கண்ணாடி ஓரத்தில் மயிரிழையாக ஒன்று. கடைசிக் கீறலை அவர் சொன்ன பிறகுதான் நானே பார்த்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பிறகு ரசீது கேட்டார்கள். கடிகாரம் என் மைத்துனர் துபாயில் வாங்கிக் கொடுத்தது. சீராக வந்த பொருளுக்கு மைத்துனரிடம் ரசீது கேட்பது எப்படி என்று தங்கள் சுவிட்சர்லாந்துக் கையேட்டில் வழிமுறை ஏதும் இருந்தால் அனுப்பிவைக்கவும். நான் எப்படியோ கேட்டு வாங்கிவிட்டேன். விளைவாக, அதுவரை மறைவாக இருந்த விலை இப்போது எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் மனப்பாடம்.

"செல் மாத்தணும்மா" என்றேன்.

"சர்வீஸுக்கா சார்?"

"இல்லைம்மா, செல் மட்டும்."

அந்தப் பெண் ஒருமுறை பின்னால் இருந்த கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். பாவம், அவர்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. "சார், அஞ்சு வருஷம் தாண்டிடுச்சுன்னா எங்க பிராண்டுல பேட்டரி மட்டும் மாத்தற ஆப்ஷன் கிடையாது சார். கம்ப்ளீட் சர்வீஸ்தான்."

பார்வை 2-இல் கண்ட தாள் அப்படித்தான் என் கைக்கு வந்தது. அதை நான் பலமுறை படித்திருக்கிறேன். இயந்திரத்தை அப்படியே எடுத்துவிட்டுப் புதியது வைப்பது, கேஸுக்கும் பட்டைக்கும் பாலிஷ், அல்ட்ராசோனிக் குளியல், திருகுக்கும் கண்ணாடிக்கும் பின்மூடிக்கும் புதிய கேஸ்கெட், நீர்புகாச் சோதனை, இரண்டு வருட உத்தரவாதம். செல் எங்கே என்று தேடினேன். கடைசிக்கு முந்தைய வரியில், அடைப்புக்குள், "பேட்டரி உட்பட" என்று இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை "மற்றும் பலர்" என்பதற்குள் போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

இதில் பாலிஷ் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன். பாலிஷ் போடுவது என்றால் உலோகத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். கூராக இருக்கும் விளிம்பு ஒவ்வொரு பாலிஷுக்கும் மழுங்கும். கீறல்கள் நான் சம்பாதித்தவை, அவை அங்கேயே இருக்கட்டும் என்றேன். தாராளமாக, பாலிஷ் போடாமலே தருகிறோம் என்றார்கள். கட்டணம் குறையுமா? குறையாதாம். வேண்டாத வேலையைச் செய்யாமல் இருப்பதற்கும் அதே கூலி வாங்கும் தொழில் இந்த நாட்டில் வேறு எனக்குத் தெரிந்து ஒன்றிரண்டுதான், அவற்றின் பெயரை இங்கே எழுத முடியாது.

கணக்கு ஒன்று போட்டேன், தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். கடிகாரத்துக்குள் இசைக்கவை வடிவில் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. செல்லின் மின்சாரம் பட்டதும் அது வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சர்க்யூட் அந்த எண்ணைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, இப்படி 15 முறை செய்தால் வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். அந்தத் துடிப்புதான் குட்டி மோட்டார் வழியாக முள்ளை நகர்த்துகிறது. குவார்ட்ஸின் வித்தை மொத்தமும் இந்த வகுத்தலில்தான் இருக்கிறது. தங்கள் மதிப்பீடும் இதே தத்துவத்தில் இயங்குகிறதோ என்று சந்தேகம் வந்தது. 14,500-க்கு 18% வரி 2,610. ஆக மொத்தம் 17,110. இதை எட்டு முறை பாதியாக்கினால் 66 ரூபாய் 84 காசு வருகிறது. கடையில் செல்லுக்குச் சொல்லும் விலையும் ஏறத்தாழ அதுதான். பொறியியலில் தங்கள் நிறுவனம் காட்டும் ஒழுங்கு கட்டண விகிதத்திலும் தொடர்வது பெருமைக்குரியது.

தங்கள் நாட்டுப் பழங்கதையையும் கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது, பொறுத்தருளவும். கையில் கட்டும் குவார்ட்ஸ் கடிகாரத்துக்கான மாதிரிகளை நியூஷாடெல் ஆய்வுக்கூடத்தில் சுவிஸ்காரர்கள் 1967-லேயே ஓட்டிக் காட்டிவிட்டார்கள். கடைக்குக் கொண்டுவந்தது ஜப்பான்காரன். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ வெளியிட்ட அஸ்ட்ரானின் விலை 4,50,000 யென், அந்தக் காலத்தில் அங்கே ஒரு சின்னக் கார் வாங்குகிற பணம். அதாவது, குவார்ட்ஸ் பிறந்தபோதே ஆடம்பரமாகத்தான் பிறந்தது. பத்தே வருடத்தில் அது மலிந்து, சாவி கொடுக்கும் கடிகாரங்களின் சந்தையை வாரிக்கொண்டு போனது. 1970 வாக்கில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தார்கள், எண்பதுகளின் நடுவில் மிஞ்சியது மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தொழிலைக் கரையேற்றியதில் பெரும் பங்கு 1983-இல் வந்த ஸ்வாட்சுக்கு. பிளாஸ்டிக் உடம்பு, 51 பாகங்கள், குவார்ட்ஸ் இயந்திரம்.

ஸ்வாட்சின் முதுகை எப்போதாவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? செல் இருக்கும் இடத்தில் வட்டமாக ஒரு சின்ன மூடி, அதில் ஒரு பள்ளம். காசை அந்தப் பள்ளத்தில் வைத்துத் திருகினால் மூடி வந்துவிடும். பழைய செல்லைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்து மூடலாம். கையுறை வேண்டாம், வெல்வெட் வேண்டாம், மைத்துனரின் ரசீது வேண்டாம். சுவிட்சர்லாந்தின் தொழிலைக் காப்பாற்றிய மலிவுக் கடிகாரத்துக்குக் காசு போதும், அப்படிக் காப்பாற்றப்பட்ட தொழிலின் ஆடம்பரக் கடிகாரத்துக்குச் சில வாரங்களும் என் ஒரு மாத வீட்டு வாடகையும் வேண்டும். இதற்குப் பொறியியல் காரணம் ஏதேனும் இருந்தால் அறிய ஆவல்.

எங்கள் பக்கத்திலும் குவார்ட்ஸ் புதிதல்ல. தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் டாடாவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கியதுதான் டைட்டன், ஆலை ஓசூரில். எச்.எம்.டி. பெரிதும் சாவி கொடுக்கும் கடிகாரத்தையே நம்பியிருந்த காலத்தில் அவர்கள் குவார்ட்ஸை நம்பி இறங்கினார்கள். அன்று முதல் இங்கே செல் மாற்றுவது முடி வெட்டிக்கொள்வதைப் போலச் சாதாரணக் காரியம். அந்தப் பழக்கதோஷத்தில்தான் தங்கள் மையத்துக்குள் நுழைந்துவிட்டேன்.

சரி, இனி தங்கள் தரப்பு நியாயம். இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. பின்மூடியைத் திறந்தால் அதன் ரப்பர் வளையம் அழுந்திய தடத்தை விட்டு நகர்கிறது. வருடக்கணக்கில் வியர்வையில் ஊறி இறுகிப்போன வளையம் மறுபடி சரியாக உட்காராது. சென்னைப் புழுக்கத்தில் உள்ளே ஈரம் ஏறினால் டயலில் கறை, சர்க்யூட்டில் களிம்பு. எனவே வளையத்தை மாற்றுங்கள், மூடிய பிறகு காற்றழுத்தக் கருவியில் வைத்துக் கசிவு பாருங்கள், இரண்டுக்கும் பணம் கேளுங்கள். கொடுக்கிறேன். ஆனால் என் கடிகாரத்தின் முதுகில் 3 பார், 30 மீட்டர் என்று பொறித்திருக்கிறது. கூட வந்த கையேட்டைப் படித்தால் மழைத் துளியும் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரும் பரவாயில்லை, நீச்சல் கூடாது, குளியலும் வேண்டாம் என்கிறது. 30 மீட்டர் ஆழம் தாங்கும் கடிகாரத்தைக் குளியலறை வாசலில் கழற்றி வைக்க வேண்டும். இந்த உரிமையைப் புதுப்பித்துத் தரத்தான் நீர்புகாச் சோதனை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

தாளில் கையெழுத்துப் போடாமல் கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "ரொம்ப நாள் அப்படியே வெச்சிருக்காதீங்க சார், பேட்டரி லீக் ஆயிடும்" என்று அந்தப் பெண் அக்கறையாகச் சொல்லி அனுப்பினார். உண்மைதான். செத்த செல்லை உள்ளேயே விட்டால் அதிலிருக்கும் காரம் கசிந்து காயிலையும் சர்க்யூட்டையும் அரித்துவிடும். தங்கள் வரிசையில் வாரக்கணக்கில் காத்திருக்கும்போது மட்டும் கசியாது போலிருக்கிறது.

பாரிமுனைப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பாயிடம் போனேன். அவர் கடிகாரத்தை வாங்கியதும் முன்பக்கம் பார்க்கவில்லை, நேராக முதுகைத்தான் பார்த்தார். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவி, ஒரு இடத்தில் நிறுத்தி, அங்கே கத்தியின் முனையை வைத்து மணிக்கட்டை லேசாகத் திருப்பினார். டக்கென்று ஒரு சத்தம். மூடி வந்துவிட்டது.

உள்ளே பார்க்கச் சொன்னார். இத்தனை வருடம் கட்டியிருந்தும் நான் உள்ளே பார்த்ததில்லை. கேஸின் இடத்தில் கணிசமான பகுதியை அடைத்துக்கொண்டிருந்தது வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம். நடுவில் ஒரு சின்ன இயந்திரம், அதன் ஓரத்தில் செம்புக் கம்பி சுற்றிய காயில், பக்கத்தில் செல். செல்லின் முதுகில் கூட்டல் குறி, அடியில் 371 என்ற எண்.

"இதே மிஷின் இருபதாயிரம் ரூபா வாட்ச்லயும் வரும் சார்" என்றார் பாய். என்னைப் புண்படுத்தச் சொல்லவில்லை, தொழில்முறைத் தகவல். கடிகாரத்தின் விலையை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்தப் பிளாஸ்டிக் வளையத்தையும் 371-ஐயும் பார்த்த பிறகுதான், தங்கள் மையத்தில் வேலை ஏன் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நடக்கிறது என்பதும், செல் ஏன் அடைப்புக்குள் போனது என்பதும் எனக்கு விளங்கின. தாங்கள் வசூலிப்பது திறக்கிற கூலியை அல்ல, வாடிக்கையாளர் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கான கூலியை.

371 என்பது ரகசிய எண் ஒன்றுமில்லை. விட்டம் 9.5 மி.மீ., தடிமன் 2 மி.மீ.க்குச் சற்று மேல். ஜப்பான் முறையில் எஸ்.ஆர். 920 எஸ்.டபிள்யூ. தங்கள் ஊரிலேயே இட்டிங்கனில் ரெனாட்டா என்ற கம்பெனி செய்கிறது, பாயின் இழுப்பறையில் பட்டை பட்டையாகக் கிடக்கிறது. பிளாஸ்டிக் இடுக்கியால் ஒன்றை எடுத்தார். இரும்பு இடுக்கியில் பிடித்தால் இரண்டு முனையும் ஒன்றாகி ஷார்ட் ஆகிவிடும், கைபட்டாலும் எண்ணெய்ப் பசை ஒட்டும் என்றார். தங்கள் கையுறையில் இருந்த சாரம் இவ்வளவுதான், அதை வெல்வெட் இல்லாமலே அவர் கடைப்பிடித்தார். செல் உட்கார்ந்ததும் வினாடி முள் நகர ஆரம்பித்தது, ஒவ்வொரு வினாடியாக.

"இருங்க, முழுசா சொல்லிடறேன்" என்றார். "தொறக்கறது பெரிய விஷயமில்ல சார். உள்ள ரப்பர் ரிங்கு தளர்ந்துடுச்சு. புதுசு போடணும். இந்தக் கம்பெனிக்காரன் எனக்கு ரிங்கு விக்க மாட்டான். பழசையேதான் துடைச்சு, கிரீஸ் தடவிப் போட்டிருக்கேன். வாட்ச் ஓடும். மழையில போட்டுக்காதீங்க. தண்ணிக்கு நான் பொறுப்பு இல்ல."

வாங்கிய கூலி நூற்றைம்பது. பழைய செல்லை ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஆகவே ஐயா, பொருளில் கண்ட வேண்டுகோளை இத்துடன் திருத்திக்கொள்கிறேன். "புதிய செல் போட்டுத் தர" என்பதை அடித்துவிட்டு, "ரப்பர் வளையம் ஒன்று தர" என்று படிக்கவும்.

இந்தத் திருத்தத்தைச் சொல்லத்தான் தங்கள் மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். வளையத்தைத் தனியாக விற்பதில்லை, கடிகாரத்தைக் கொண்டுவந்தால் போட்டுத் தருவோம், ஆனால் வெளியே திறக்கப்பட்ட கடிகாரம் என்றால் இயந்திரத்தைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை எடுத்துவிட்டு ஓடப்போகும் இயந்திரம் ஒன்றை வைப்பதற்கு ரூ.17,110. உள்ளே இருப்பது தங்கள் இயந்திரம்தானே என்றேன். அங்கீகாரம் இல்லாத ஆள் தொட்டது சார் என்றார்கள். இந்தத் தீட்டு எந்த ஆகமத்தில் சொல்லியிருக்கிறது என்று கேட்க நினைத்தேன், அதற்குள் ஹோல்டு இசை வந்துவிட்டது. நல்ல இசை.

இது எனக்கும் பாய்க்கும் மட்டும் நேர்ந்ததல்ல என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கம்பெனிகள் உதிரிபாகம் தர மறுக்கின்றன என்று ஐரோப்பாவில் கடிகாரம் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு 2004-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. பத்து வருடம் இழுத்து 2014-இல் ஆணையம் அதைத் தள்ளியது, 2017-இல் நீதிமன்றமும் அதுவே சரி என்றது. அங்கீகாரம் பெற்றவருக்கு மட்டும் பாகம் தருவது தரத்தைக் காக்கும் வழி என்ற வாதம் எடுபட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. சிக்கலான எந்திரக் கடிகாரத்துக்கு அந்த வாதத்தில் ஓரளவு பொருள் உண்டு. ஒரு ரப்பர் வளையத்துக்கு எந்தத் தரத்தைக் காக்க வேண்டியிருக்கிறது? இங்கே மத்திய அரசு 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, விவசாயக் கருவிகள், செல்போன் போன்ற மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. டிராக்டரும் டிவியும் உண்டு, கைக்கடிகாரத்தைக் காணோம். இதற்கிடையில், சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்க நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் போட்ட ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, அதன்படி சுவிஸ் கடிகாரங்களுக்கான சுங்கவரி படிப்படியாகக் குறையும். ஆக, இன்னும் நிறைய மைத்துனர்கள் இன்னும் நிறைய கடிகாரங்கள் வாங்கித் தரப்போகிறார்கள். அத்தனைக்கும் சில வருடங்களில் செல் தீரும். தங்கள் நன்மையை உத்தேசித்துத்தான் இதை இப்போதே எழுதுகிறேன்.

கேட்பது அதிகமில்லை. செல் மாற்றம், வளையம் மாற்றம், கசிவுச் சோதனை ஆகிய மூன்றையும் மூன்று வரியாக, மூன்று விலையாகத் தாளில் எழுதுங்கள், வேண்டியதை நாங்கள் குறித்துக்கொள்கிறோம். பாலிஷ் வேண்டாம் என்றால் அந்த வரியின் பணத்தையும் விட்டுவிடுங்கள். செல்லின் எண்ணை ரசீதில் போடுங்கள். பாய்க்கு வளையம் விற்க மனமில்லையென்றால் எனக்கு விற்றுவிடுங்கள், நான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொள்கிறேன். விலை எதுவானாலும் சொல்லுங்கள், தனியாகச் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்குள் பதில் கிடைத்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
காப்பாளர்.

இணைப்பு: கையெழுத்திடாத மதிப்பீட்டுத் தாள் – 1, தீர்ந்துபோன செல், எண் 371 – 1 (மின்கழிவு என்பதால் முறைப்படி அப்புறப்படுத்தவும், அதற்குக் கட்டணம் உண்டென்றால் முன்கூட்டியே தெரிவிக்கவும்).

நகல்:
1. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, புதுதில்லி. ஐந்தாவதாக ஒரு துறையைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் பரிசீலனைக்காக.
2. மைத்துனர், துபாய். தகவலுக்காக. அடுத்த முறை வெயிலில் சார்ஜ் ஏறும் கடிகாரமாகப் பார்க்கவும், ரசீதை அப்போதே கையில் கொடுத்துவிடவும்.